மண்டையோட்டு நரம்பு மாதிரி: எலும்பு வரைக்கும் பிரமாதம், மூளைக்குள் போனதும் கோட்டை விட்டது

கீழ்த்தாடைப் பல்லுக்காக ஒருமுறை மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டேன். ஊசி இறங்கியது வாயின் கடைக்கோடியில், கடைவாய்ப் பல்லுக்கும் பின்னால். மரத்துப்போனதோ கீழுதட்டில் பாதியும் மோவாயில் பாதியும். அங்கே குத்தினால் இங்கே ஏன் மரக்கிறது என்று கேட்டதற்கு, "நரம்பு அப்படித்தான் போகுது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தக் கடுப்பில் வாங்கியது இந்த மண்டையோட்டு மாதிரி. நான் மருத்துவம் படித்தவன் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நிஜ அளவு மண்டையோடு. ஒரு பக்கம் எலும்பும் நரம்பும், மறுபக்கம் தோல். மேல்மூடி கழலும், கீழ்த்தாடை தனியாக வரும், மூளையும் மூளைத்தண்டும் காந்தத்தில் ஒட்டி நிற்கும். காந்தம் கொஞ்சம் சோனி, தூக்கும்போது கை கொடுக்க வேண்டும்.

முதலில் கீழ்த்தாடையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம், பின்னால் ஏறும் எலும்பின் நடுவில் ஒரு துளை. மஞ்சள் நரம்பு அதில் நுழைந்து, பல் வேர்களுக்கு அடியிலேயே சுரங்கம் மாதிரி ஓடி, மோவாய்ப் பக்கம் இன்னொரு துளையில் வெளியே வந்து உதட்டுக்குப் போகிறது. ஊசி மருந்து போய்ச் சேர்ந்த இடம் அந்த முதல் துளையின் வாசல். வாசலை அடைத்தால் வழியில் இருக்கும் பல்லிலிருந்து உதடு வரைக்கும் எதுவும் மேலே போகாது. இந்த ஒரு பாகத்துக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது!

மூளையிலிருந்து புறப்படும் 12 ஜோடி நரம்புகளில் இது ஐந்தாவது, டிரைஜெமினல். முக்கிளை நரம்பு என்றால் உருவமே புரிந்துவிடும். நெற்றி, கண் பக்கம் ஒன்று, கன்னம், மேல்பல் பக்கம் ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. மூன்றும் கபாலத்துக்குள் நுழையும் மூன்று வாசல்களையும் தனித்தனியாகச் செதுக்கியிருக்கிறார்கள், விரல் நுனியில் தடவினால் தெரிகிறது. முகத்தில் கிளைகள் வெளிவரும் மூன்று துளைகளும் (புருவம், கண்ணுக்குக் கீழே, மோவாய்) கிட்டத்தட்ட ஒரே செங்குத்துக் கோட்டில் இருப்பதை இதில்தான் முதன்முதலில் கவனித்தேன். உங்கள் புருவ எலும்பின் உள்பாதியை அழுத்தித் தடவிப் பாருங்கள், பலருக்குச் சின்னப் பள்ளம் ஒன்று கைக்குத் தட்டுப்படும்.

கிளைகள் மூன்றும் சேருமிடத்தில், காதின் உள்பகுதியைப் பொதிந்திருக்கும் கெட்டி எலும்பின் நுனியில், பிறை வடிவ முடிச்சு. தொடுவதையும் வலியையும் கொண்டுபோகும் செல்களின் உடல்கள் இங்கேதான் இருக்கின்றன. வியன்னாவில் காசர் என்ற ஆசிரியரின் பெயரை அவர் மாணவர் ஹிர்ஷ் 1765-இல் இந்த முடிச்சுக்குச் சூட்டினார் என்று கூட வந்த கையேடு சொல்கிறது. நல்ல மாணவர்.

சரி, குறைகளுக்கு வருவோம். தோல் பக்கத்தில் மூன்று கிளைகளுக்கும் மூன்று வண்ணம் அடித்திருக்கிறார்கள், காதுக்குக் கீழே தாடை மூலை வரைக்கும் மூன்றாவது வண்ணம் இறங்கிவிட்டது. தப்பு. அந்த மூலைத் தோல் கழுத்துத் தண்டுவட நரம்புகளின் எல்லை, பின்மண்டையும் அப்படியே. அப்புறம், முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்புக்கும் அதே மஞ்சள். புதிதாகப் பார்ப்பவர் இரண்டையும் ஒன்றென்றுதான் நினைப்பார்.

அதைக்கூட விட்டுவிடலாம். பெரிய ஏமாற்றம் மூளைத்தண்டுதான். நரம்பு அதன் பக்கவாட்டில் போய் ஒட்டுகிறது, அவ்வளவுதான், கதை முடிந்தது. உண்மையில் சுவாரசியமே அங்கே ஆரம்பிக்கிறது. லேசாகத் தொடும் உணர்வு நுழைந்த மட்டத்திலேயே அடுத்த செல்லிடம் கைமாறிவிடும். வலியும் சூடும் குளிரும் அப்படி இல்லை. மேலே இருக்கும் மூளைக்குப் போக வேண்டியவை முதலில் கீழே இறங்குகின்றன, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளம் வழியாகக் கழுத்துத் தண்டுவடத்தின் மேல்பகுதி வரைக்கும். வழியில் கைமாறி, எதிர்ப்பக்கம் தாண்டி, பிறகுதான் மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸுக்கு ஏறி, அங்கிருந்து மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போகின்றன. கழுத்திலிருந்து வரும் வலியும் அதே இடத்தில் வந்து கலப்பதால்தான் கழுத்துக் கோளாறு சிலருக்குக் கண்ணைச் சுற்றி வலிக்கிறது. முகுளத்தின் ஓரத்தில் ரத்த ஓட்டம் அடைபட்டால், முகத்தில் அதே பக்கமும் உடம்பில் எதிர்ப்பக்கமும் வலி தெரியாமல் போவதும் இந்த இறக்கத்தால்தான். இவ்வளவையும் காட்ட ஒரு சிவப்புக் கோடு போதும், அதைப் போடவில்லை.

தாடை எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் செல்கள் முடிச்சில் இல்லாமல் மூளைத்தண்டுக்குள்ளேயே இருப்பதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. புறணியின் பக்கவாட்டில் முகத்துக்கு ஒரு பட்டை வரைந்திருக்கிறார்கள், உதட்டுக்கு நெற்றியைவிடப் பெரிய இடம் கொடுத்திருப்பது சரி.

பல் மருத்துவம் படிக்கிறவர்களுக்கும் என்னைப்போல் ஊசிக்குப் பிறகு கேள்வியோடு வந்தவர்களுக்கும் தாராளமாகப் பரிந்துரைப்பேன். வலியின் முழு வழியும் வேண்டுமென்றால் இது போதாது. ஐந்துக்கு மூன்றரை.

நான் மூளைத்தண்டைக் கழற்றி, அழியாத சிவப்பு மார்க்கரில் நானே கோடு போட்டுவிட்டேன். கழுத்து வரைக்கும் இறங்க இடமில்லை, பிளாஸ்டிக் முகுளத்தோடு முடிந்துவிடுகிறது, அதனால் கடைசி அரை அங்குலம் தாங்கியில் தொடர்கிறது.