மொட்டை மாடி வான்கூடத்துக்கு எந்த மவுண்ட்? 10.6 டிகிரியிலிருந்து ஓர் அனுபவம்

தொலைநோக்கிக்கு மவுண்ட் (அதைத் தாங்கித் திருப்பும் அமைப்பு) வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது எத்தனை கிலோ தாங்கும் என்பதை. நான் முதலில் பார்க்கச் சொல்வது உங்கள் ஊரின் அட்சரேகையை. எங்கள் வீடு உடுமலைப்பேட்டை பக்கம், ஏறத்தாழ 10.6 டிகிரி வடக்கு. மாடியில் தள்ளுக்கூரை போட்டு, ஆடி வைத்த தொலைநோக்கியான 8 அங்குல நியூட்டோனியனை நிரந்தரமாக நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இத்தனை நாளில் என் படங்களின் தரத்தைத் தீர்மானித்ததில் அந்த எண்ணுக்குத்தான் பெரிய பங்கு.

பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் தொலைநோக்கியைத் திருப்பும் ஈக்குவடோரியல் மவுண்டின் ஆர்.ஏ. அச்சு (முக்கியச் சுழல் அச்சு) வான துருவத்தை, அதாவது வானம் சுற்றுவதாகத் தெரியும் மையப் புள்ளியைப் பார்த்து நிற்க வேண்டும். அந்தச் சாய்வு, ஊரின் அட்சரேகையேதான். லண்டனில் 51 டிகிரிக்கு நிமிர்ந்து நிற்கும் அச்சு, நம் ஊரில் கிட்டத்தட்டப் படுத்துவிடும். எல்லா மவுண்டும் அப்படிப் படுக்காது. நான் வைத்திருக்கும் ஸ்கைவாட்சர் ஈக்யூ6-ஆரின் அட்சரேகை வரம்பு 10 முதல் 65 டிகிரி வரை. உடுமலைக்கு அரை டிகிரி மிச்சம், தப்பித்தேன். மதுரை 9.9, யாழ்ப்பாணம் 9.7, நாகர்கோவில் 8.2, அங்கே இருப்பவர்கள் அடித்தட்டையே ஆப்பு வைத்துச் சாய்த்தால்தான் இதைப் பயன்படுத்த முடியும். இசட்.டபிள்யூ.ஓ. ஏஎம்5 போன்றவற்றில் 0 முதல் 90 வரை போகலாம் என்பதால் அந்தக் கவலை இல்லை. விவரப் பட்டியலில் எங்கோ கீழே கிடக்கும் இந்த வரியைத்தான் நம் ஆட்கள் முதலில் படிக்க வேண்டும்.

இதோடு போகவில்லை. அச்சு படுத்தால், தொலைநோக்கியின் எடையைச் சமன்செய்யும் எதிர் எடைத் தண்டு நேராகக் கீழே தொங்கும். வட நாடுகளில் அது மவுண்ட் நிற்கும் தூணை விட்டு விலகித் தொங்குவதால், அங்கே ஓர் அடி அகலக் கான்கிரீட் தூண் கட்டினாலும் இடிக்காது. இங்கே அதே தூணைக் கட்டினால், பொருள் கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாக இருக்கும்போது எடை தூணில் மோதும். அதனால் 6 அங்குல இரும்புக் குழாயில், கீழே முக்கோணத் தகடுகள் வைத்து, உள்ளூர் லேத் பட்டறையில் பற்றவைத்து வாங்கினேன். எடையும் ஒன்று கூடுதலாகப் போட்டுத் தண்டின் மேல்பக்கமாகவே நிறுத்தியிருக்கிறேன். ஒல்லியான தூணால் இன்னொரு வசதி: உச்சி வானத்தைப் பார்க்கும்போது நீளக் குழாயின் அடிப்பகுதியும் இடிக்காது.

காவலூரில் 12.5 டிகிரியில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்குக் குதிரை லாட வடிவ மவுண்ட் போட்டிருக்கிறார்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கமான இடங்களுக்கு அந்த அமைப்பு தோதானது. நமக்குக் கடையில் பெரும்பாலும் கிடைப்பது எதிர் எடை வைத்த ஜெர்மன் வகைதான், அதை வைத்துச் சமாளிக்கிறோம்.

துருவ நட்சத்திரம் எங்களுக்கு 10 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வடக்கே முழுக்கத் தென்னந்தோப்பு. துருவ நட்சத்திரத்தைப் பார்க்க மவுண்டோடு வரும் போலார் ஸ்கோப்பில் தென்னங்கீற்றுதான் தெரியும். அதனால் நினா மென்பொருளின் மூன்று புள்ளி முறையில் போலார் அலைன்மென்ட் (அச்சைத் துருவத்துக்கு நேராக நிறுத்துவது) செய்கிறேன். வானத்தின் வேறு பகுதியை மூன்று முறை படமெடுத்து, பிளேட் சால்விங் (படத்திலுள்ள நட்சத்திரங்களை வைத்து இடம் கண்டறிவது) மூலம் அச்சு எங்கே நிற்கிறது என்று அதுவே கணக்குப் போட்டுவிடும். துருவ நட்சத்திரத்தைப் பார்த்தே சரிசெய்ய முடிகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்வளவு தாழ்ந்த உயரத்தில் காற்றுமண்டலம் ஒளியை வளைத்து, அதை ஏறத்தாழ 5 ஆர்க்மினிட் (டிகிரியில் 60-ல் ஒரு பங்கு ஓர் ஆர்க்மினிட், அதில் 60-ல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்) தூக்கிக் காட்டும். அச்சு அந்த அளவு தவறினால் நட்சத்திரம் நிமிடத்துக்கு 1.3 ஆர்க்செகண்ட் வரை நகரலாம். கைடிங் (ஒரு நட்சத்திரத்தைக் கேமராவில் கவனித்து மவுண்டைத் திருத்திக்கொண்டே இருப்பது) அதைப் பிடித்துவிடும், சரி. ஆனால் நிரந்தரமாக நிறுத்துகிற மவுண்டுக்கு இதை ஒருமுறை உட்கார்ந்து திருத்திவிட்டால் போதுமே.

அப்புறம் எல்லோரும் கேட்கிற கேள்வி: வார்ம் கியரா (திருகும் பல்சக்கரமும் சேர்ந்தது), ஹார்மோனிக்கா (வளைந்துகொடுக்கும் மெல்லிய பல்வளையம் வைத்தது)?

இன்று எங்கு பார்த்தாலும் ஹார்மோனிக்தான். காரணமும் நியாயமானது. ஏஎம்5 வெறும் 5 கிலோ. எதிர் எடையே இல்லாமல் 13 கிலோ தூக்கும். ஈக்யூ6-ஆரின் தலை மட்டும் 17 கிலோவுக்கு மேல், தாங்குவது 20 கிலோ. வால்பாறை மலைக்குக் காரில் கொண்டுபோகிறவர் எதை வாங்குவார் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் தூணில் ஒருமுறை ஏற்றி போல்ட் போட்டுவிட்டால் அந்த 17 கிலோவை யார் தூக்கப் போகிறார்கள்? வீட்டு வான்கூடத்தில் எடை பாரமே இல்லை. காற்றடிக்கும் ஊரில் அது லாபம்.

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவத்தில் வீசும் காற்றை நம்பித்தான் இங்கே இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. 8 அங்குல நியூட்டோனியன் குழாய் அந்தக் காற்றில் பாய்மரம் மாதிரி. பொள்ளாச்சி நண்பர் ஒருவர் ஹார்மோனிக் மவுண்டில் சின்ன ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி) வைத்து, என்னுடையதற்குக் குறையாத படம் எடுக்கிறார். அவர் மவுண்டில் என் குழாயை ஏற்றிப் பார்த்தோம்; அமைதியான இரவில் குறையே இல்லை, காற்று எழுந்ததும் கைடிங் பிழையைக் காட்டும் கிராஃப் தாறுமாறாகிவிட்டது. மவுண்டைக் குறை சொல்ல முடியாது, அந்தக் குழாய்க்கு அது இடமில்லை.

கைடிங் பழக்கமும் இரண்டுக்கும் வேறு. ஹார்மோனிக்கின் பிழை பெரிது, சட்டென்று மாறவும் செய்யும். அரை விநாடிக்கோ ஒரு விநாடிக்கோ ஒருமுறை திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஈக்யூ6-ஆரில் 180 பல் வார்ம் சக்கரம். ஒரு சுற்று 479 விநாடி, கிட்டத்தட்ட எட்டு நிமிடம். பிழை மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இரண்டு மூன்று விநாடி எக்ஸ்போஷர் வைத்தாலே பிடித்துவிடலாம். மவுண்ட் இடம் மாறாததால் பி.இ.சி.யை (ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப வரும் பிழையை நினைவில் வைத்துத் திருத்தும் வசதி) ஒருமுறை பழக்கியதும் அதன் பலன் தொடர்ந்து கிடைக்கிறது.

என் கேமராவின் பிக்சல் 3.76 மைக்ரான், ஃபோக்கல் லென்த் 1000 மி.மீ. கணக்குப் போட்டால் பிக்சலுக்கு 0.78 ஆர்க்செகண்ட். கைடிங் ஆர்.எம்.எஸ். (சராசரிப் பிழை) வழக்கமாக 0.6 முதல் 0.8 ஆர்க்செகண்ட் வரை நிற்கிறது. இன்னும் குறைக்கலாம்தான். ஆனால் எங்கள் சமவெளியில் காற்றுமண்டலக் கலக்கமே பெரும்பாலான இரவுகளில் 2 ஆர்க்செகண்டைத் தாண்டுகிறது. குறைத்து என்ன செய்ய? கைடிங்கே தேவைப்படாத, 10மைக்ரான் நிறுவன வகை என்கோடர் (அச்சு எங்கே நிற்கிறது என்று துல்லியமாக அளக்கும் கருவி) மவுண்டுகள் மேல் எனக்கும் ஆசை உண்டு. இந்த வானத்துக்கு அவ்வளவு பணம் போடத் தகாது என்பது என் எண்ணம்.

தூணை எங்கே நிறுத்துவது என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். மாடித் தளத்தின் நடுவில் நிறுத்தினால் யார் நடந்தாலும் கிராஃபில் தெரியும். கீழே சுவரோ காங்கிரீட் தூணோ இருக்கும் இடத்துக்கு நேர்மேலே நிறுத்த வேண்டும். எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடினால் இப்போதும் கொஞ்சம் தெரியும். அதனால் சாயந்தரமே தொட்டியை நிரப்பிவிடுவோம்.

மின்வெட்டுக்கு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்தாலும் வார்ம் கியர் நின்ற இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். ஹார்மோனிக் வாங்குகிறவர்கள் பிரேக் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் மின்சாரம் போனதும் குழாய் தன் எடையில் சரிய வாய்ப்பு உண்டு.

ஐப்பசி, கார்த்திகையில் வேலை கிடையாது. அப்போது மவுண்டைக் கவிழ்த்த பிளாஸ்டிக் ட்ரம்மால் மூடி, உள்ளே சின்ன பல்பு ஒன்று எரியவிடுவேன், ஈரம் தங்காது. ஒயர் நுழையும் ஓட்டைகளைக் கொசுவலைத் துண்டால் அடைத்தே ஆக வேண்டும். பல்லிக்குச் சர்க்யூட் போர்டின் சூடு மிகவும் பிடிக்கும்.

சுற்றுச்சுவரின் உயரத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ஐரோப்பாவில் 50 டிகிரியில் இருப்பவர்களுக்கு ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து உதிக்கவே உதிக்காது. நமக்கு 32 டிகிரி உயரத்துக்கு வருகிறது. எட்டா கரினா நெபுலா சுமார் 20 டிகிரி. நம் அட்சரேகையின் சம்பாத்தியமே இதுதான். காற்றுக்குப் பயந்து சுவரை உயர்த்தினால் இரண்டையும் இழப்போம். என் தெற்குச் சுவரின் மேல் பாதி கீல் வைத்த பலகை. பிப்ரவரியிலிருந்து மே வரை அதை மடக்கி வைப்பேன்; காற்று தொடங்கியதும் நிமிர்த்திப் பூட்டிவிட்டு, வடக்கிலும் உச்சியிலும் இருப்பவற்றுக்குப் போய்விடுவேன்.