க்ளிப்லெஸ்ஸா, ஃபிளாட்டா? முதலில் ஷூவைப் பாருங்கள்

சைக்கிள் வாங்கிக் கொஞ்ச நாள் ஆனதும் கூட ஓட்டுகிறவர் யாராவது ஒருவர் "இன்னும் க்ளீட் போடலையா?" என்று கேட்டுவிடுவார், அன்றைக்கே க்ளிப்லெஸ் பெடல் வாங்கிவிடத் தோன்றும். க்ளீட் என்பது ஷூவின் அடியில் திருகுகிற துண்டு, அது போய் மாட்டிக்கொள்கிற பெடல்தான் க்ளிப்லெஸ்; எதுவும் மாட்டாமல் காலை மேலே வைத்து மிதிக்கிற தட்டையான பெடல் ஃபிளாட். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் ஒரே சைக்கிளில் இரண்டு வகையையும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டுகிறேன், இரண்டுமே எனக்குப் பிடிக்கும். ஆனாலும் க்ளிப்லெஸ்ஸுக்குக் கிடைக்கிற பாராட்டில் பாதி, அதோடு சேர்த்து வாங்குகிற ஷூவுக்குப் போக வேண்டியது என்பதுதான் என் கருத்து.

பெரும்பாலானோர் செய்கிற ஒப்பீட்டைப் பாருங்கள். சைக்கிளோடு வந்த வழுவழுப்பான பிளாஸ்டிக் பெடல், மெத்தென்று அமுங்குகிற ஓட்டப் பயிற்சி ஷூ, இது ஒரு பக்கம். விறைப்பான அடிப்பாகம் உள்ள ஷூ, நல்ல பேரிங் உள்ள பெடல், அது மறுபக்கம். இதில் இரண்டாவது ஜெயிக்காமல் வேறென்ன நடக்கும்? ஒழுங்கான ஃபிளாட் பெடலையும் அதற்கென்றே செய்த ஷூவையும் ஒருமுறை போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

ஒழுங்கான ஃபிளாட் பெடல் என்றால், அகலமான தட்டு, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன உலோக முனைகள், நடுப்பகுதி லேசாகக் குழிந்திருந்தால் இன்னும் நல்லது. ரேஸ் ஃபேஸ் செஸ்டர் மாதிரி நைலான் உடல் கொண்ட பெடலே தாராளமாகப் போதும். முனைகள் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், கல்லில் இடித்தால் பெரும்பாலும் சறுக்கிக்கொண்டு போய்விடும். அலுமினியம் கொஞ்சம் மெல்லிசாகச் செய்ய வரும், பார்க்க அழகாக இருக்கும், அதற்குமேல் அதற்காக ஏங்க வேண்டியதில்லை. ஷூவில்தான் காசு போட வேண்டும். ஃபைவ் டென் ஷூக்களின் அடியில் இருக்கிற ரப்பர் அந்த முனைகளை எப்படிப் பிடிக்கிறது என்றால், காலை நகர்த்தி வைக்க வேண்டுமென்றால் தூக்கித்தான் வைக்க வேண்டும். கரடுமுரடான இறக்கத்தில் குதிகாலைக் கொஞ்சம் தாழ்த்தி நின்றால் கால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலிய வீரர் சாம் ஹில் 2007-லும் 2010-லும் டவுன்ஹில் என்கிற மலை இறக்கச் சைக்கிள் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆனது ஃபிளாட் பெடலில்தான், அப்புறம் 2017 முதல் 2019 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எண்டியூரோ என்கிற இன்னொரு மலைச் சைக்கிள் பந்தயத்தின் உலகத் தொடரையும் அதே ஃபிளாட் பெடலோடு வென்றார். ஆகவே ஃபிளாட் என்றால் கற்றுக்குட்டிகளுக்கானது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஃபிளாட்டின் ஒரே கொடுமை, கால் வழுக்கினால் அந்த முனைகள் முழங்காலுக்குக் கீழே முன்எலும்பில் கீறிவிடும், அது நன்றாகவே வலிக்கும்.

சரி, க்ளிப்லெஸ்ஸில் காலை மேலே இழுத்தும் சக்தி கொடுக்கலாமே என்பார்கள். இதைத்தான் நான் நம்ப மறுக்கிறேன். சீராக ஓட்டும்போது வேலையெல்லாம் நடப்பது காலைக் கீழே அழுத்துகிற பாதிச் சுற்றில். மேலே வருகிற கால் தன் எடையை மறு காலின் மேல் சுமத்தாமல் இருந்தாலே பெரிய விஷயம். வேண்டுமென்றே மேலே இழுத்து ஓட்டச் சொல்லி அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2007-ல் வந்தது. பெடலில் விசை பரவுகிற விதம் அழகாகத்தான் மாறியது, ஆனால் உடல் செலவழித்த ஆற்றலுக்குக் கிடைத்த பலன் குறைந்துபோனது. நின்றுகொண்டு முழு மூச்சாக ஸ்பிரிண்ட் அடிக்கிற சில நொடிகளிலும் செங்குத்தான ஏற்றத்திலும் இழுப்பு உதவும், அதை நான் மறுக்கவில்லை.

அப்படியானால் க்ளிப்லெஸ் எதற்கு? கால் போட்ட இடத்திலேயே இருப்பதற்கு. வேகமாக மிதிக்கும்போது, மழையில், நீண்ட தூரம் ஓட்டிக் களைத்துப்போய்க் கவனம் சிதறும்போது, கால் எங்கே இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் மிதிக்கலாம். அந்த நிம்மதிக்காகவே நீண்ட தூரத்துக்கு நான் க்ளிப்லெஸ்ஸைத்தான் மாட்டுகிறேன். பனிச்சறுக்குக் காலணிப் பிடிமானங்கள் செய்துகொண்டிருந்த லுக் நிறுவனம் 1984-ல் கொண்டுவந்த க்ளிப்லெஸ் பெடலோடு பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ 1985 டூர் டி பிரான்ஸை வென்ற பிறகுதான் பந்தயக்காரர்கள் எல்லோரும் காலைப் பெடலோடு வாரால் இறுக்கிக் கட்டுகிற பழக்கத்தை விட்டார்கள். மலைச் சைக்கிளுக்கான ஷிமானோ நிறுவனத்தின் க்ளிப்லெஸ் பெடல் வகையான எஸ்பிடி 1990-ல் வந்தது.

இன்றைக்கும் தேர்வு பெரும்பாலும் ரோடு, எஸ்பிடி என்ற இந்த இரண்டு குடும்பங்களுக்கு நடுவில்தான். இரண்டு போல்ட் எஸ்பிடியில் சின்ன உலோக க்ளீட் ஷூவின் அடியில் உள்வாங்கி இருக்கும், இறங்கிச் சாதாரணமாக நடக்கலாம். மூன்று போல்ட் ரோடு க்ளீட் பெரிய பிளாஸ்டிக் துண்டு, வெளியே துருத்திக்கொண்டிருக்கும், மிதிக்கும்போது காலுக்கு அகலமான ஆதாரம் தரும், ஆனால் வழுவழுப்பான தரையில் நடப்பது ஆபத்து, நடக்க நடக்கத் தேயவும் செய்யும். வழியில் இறங்கி ஏறுகிற பழக்கம் உள்ளவர் யாராக இருந்தாலும் நான் எஸ்பிடியைத்தான் சொல்வேன். ஷிமானோ எம்520 ரொம்பச் சாதாரணமான பெடல், ஜோடி 380 கிராம் வரும், அதைவிட இலேசானவை எத்தனையோ உண்டு, ஆனாலும் வருடக்கணக்கில் உழைக்கும், இரண்டு பக்கமும் மாட்டலாம்.

க்ளீட் விஷயத்தில் ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. எஸ்பிடியில் எஸ்எச்51 என்பது குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் விடும், எஸ்எச்56 பல திசைகளில் விடும், பதற்றத்தில் காலைச் சாய்த்து இழுத்தாலும் விட்டுவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எஸ்எச்56 வாங்கிப் பெடலின் பிடி திருகையும் முழுக்கத் தளர்த்திவிட்டு, சுவரைப் பிடித்து நின்றபடி மாட்டி மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். நிற்கப் போகிற இடத்துக்கு முன்பே ஒரு காலை விடுவித்துவிட வேண்டும், நின்ற பிறகு யோசித்தால் சைக்கிளோடு சாய்வதுதான் நடக்கும்.

முழங்கால் வலி இன்னும் முக்கியமானது. ஃபிளாட்டில் கால் தனக்கு வசதியான கோணத்தைத் தானே தேடிக்கொள்ளும், க்ளீட்டில் நீங்கள் முடுக்கிய கோணம்தான் ஆயிரக்கணக்கான சுற்றுக்கும். அதனால் கொஞ்சம் அசைய விடுகிற க்ளீட்டையே எடுங்கள். ஷிமானோ ரோடு க்ளீட்டில் மஞ்சள் 6 டிகிரி, நீலம் 2, சிவப்பில் அசைவே கிடையாது. சிவப்பு வேண்டும் என்று தெளிவாகத் தெரிகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு மஞ்சள்தான். வலி தொடர்ந்தால் க்ளீட்டை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திப் பாருங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.

ஒரு பக்கம் எஸ்பிடி, மறுபக்கம் ஃபிளாட் என்று ஷிமானோ இஎச்500 மாதிரி இரட்டைப் பெடல்களும் உண்டு. வார நாளில் சாதாரண ஷூ, விடுமுறை நாளில் க்ளீட் ஷூ என்று ஓட்டுகிறவர்களுக்குப் பொருத்தம், ஆனால் கிளம்பும்போது வேண்டிய பக்கம் மேலே இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். நெரிசலில் அது எரிச்சல்.

எதை வாங்கினாலும் மாட்டும்போது இடது பெடலின் மரை தலைகீழ், கடிகாரத்துக்கு எதிர்த் திசையில்தான் முடுக வேண்டும். மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்று கையாலேயே திருகுங்கள், ஸ்பேனரைப் பிறகு எடுக்கலாம். கோணலாக ஏற்றினால் கிராங்க்கின் மரையே போய்விடும். க்ளீட் போல்ட்டை முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஒரு போல்ட் கழன்றுவிட்டால் நீங்கள் குதிகாலைத் திருப்பும்போது ஷூதான் திரும்பும், க்ளீட் பெடலிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும்.