கோத்தகிரியில் குடியேற எண்ணுவோருக்கு ஒரு மாத வாடகை வீடு

சென்னையை விட்டு நீலகிரியில் போய்க் குடியிருக்கலாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஒவ்வொரு கோடையிலும் எழும். இம்முறை அதைப் பேச்சோடு விட்டுவிடாமல், கோத்தகிரிக்குச் சற்று வெளியே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டை நவம்பரில் மாத வாடகைக்கு எடுத்தோம். சமையல், துணி, காய்கறி, குப்பை எல்லாம் நம் பொறுப்பு. ஆகவே விடுமுறைக்கு ஏற்ற வீடா என்பதைவிட, அங்கே வாழ முடியுமா என்று அறிய உதவுகிறதா என்பதை வைத்தே இதை மதிப்பிடுகிறேன்.

அடுக்களையைப் பொறுத்தவரை முழு மதிப்பெண் கொடுக்கலாம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எளிதில் வேகாது. இதை அறிந்து மூன்று அளவுகளில் குக்கர் வைத்திருக்கிறார்கள். குளிரில் இட்லி மாவு ஒரே இரவில் பொங்காமல் போனபோது, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, "கம்பளி சுத்தி அடுப்புப் பக்கத்துலயே வச்சிடுங்கம்மா" என்று சொல்லிக் கொடுத்தார். இருட்டிய பின் நடக்கக் கூடாது, காட்டெருமை வழியில் நிற்கும், உணவுக் கழிவை வெளியே வைத்தால் கரடி வரும் என்பதையெல்லாம் முதல் நாளே பொறுமையாக விளக்கியவரும் அவர்தான்.

குறை ஈரம்தான், அது சிறிய குறையன்று. வீட்டின் பின்சுவர் மலைச்சரிவை ஒட்டிக் கட்டப்பட்டிருப்பதால் மழை நாட்களில் அது கசிந்துகொண்டே இருக்கிறது; அந்தச் சுவரிலேயே அலமாரியை அமைத்திருப்பதால் பட்டுப்புடவை, தோல் செருப்பு, மருந்துப் பெட்டி எல்லாவற்றிலும் பூஞ்சை படிந்தது. விளம்பரப் படங்களோ வெயில் காலத்தில் எடுக்கப்பட்டவை. கேட்டபோது ஹீட்டர் ஒன்றைத் தனிக் கட்டணத்துக்குக் கொடுத்தார்கள். வாடகையிலேயே அடங்க வேண்டிய பொருள் அது.

தொட்டபெட்டா மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்துவிடுவதால் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கியமானது என்பதையும், 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் என்பதையும் குடியேற எண்ணுவோர் மறக்கக் கூடாது. எங்களுடன் வந்த மாமியாருக்கு இதய நோய் உண்டு. பெரிய சிகிச்சை என்றால் மேட்டுப்பாளையம் வரை கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, அங்கிருந்து கோவைக்குப் போக வேண்டும். ஒரு நாள் மரம் விழுந்து அந்தச் சாலை மூடப்பட்டபோது, குன்னூர் வழியாகவும் இறங்கலாம் என்பதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் சொன்னார். வீட்டுக்காரர்கள் இதை எழுதியே ஒட்டி வைத்திருக்கலாம்.

ஆனால் அதே மாமியார், சென்னையில் தெருமுனை வரை நடக்கவே மூச்சிரைத்தவர், இங்கே மழை விட்ட காலைகளில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே தானாகவே நடந்து போய், பறிக்கும் பெண்களோடு பேசிவிட்டு வந்தார். இந்த ஒன்றை மற்ற எல்லாவற்றுக்கும் எதிராக எப்படி நிறுப்பது என்பதில்தான் எங்கள் முடிவு இன்னும் நிற்கிறது. இப்போதைக்கு, ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும் மலையில் இருப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.

வாடகை சென்னைப் புறநகரின் இரண்டு படுக்கையறை வீட்டை விடக் கூடுதல். நிரந்தரமாகக் குடியேற நினைப்பவர்கள் இதை மழைக்காலத்திலேயே எடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் பின்சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள்.