பட்டாளத்து மெடலை எடைக்குப் போடாதீர்கள்: வேலூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு எச்சரிக்கை

கணியம்பாடி, கண்ணமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் பழைய மெடல் வாங்க வீடு வீடாக ஆள் வருகிறார்கள். உறவுக்காரர் வீட்டில் அண்மையில் நடந்ததைச் சொல்கிறோம். முதல் உலகப் போருக்குப் போன அண்ணன், தம்பி இருவரின் மெடல்கள் அந்த வீட்டில் இருந்தன. வந்தவர் ஒன்றை வெள்ளி எடைக்கு எடுத்தார். செப்பு நிறத்தில் இருந்த மற்றதை, “இது டூப்ளிகேட், அசல்னா வெள்ளியில இருக்கும்” என்று சொல்லிக் காசு கொடுக்காமலே பையில் போட்டுக்கொண்டார். ஓரத்தில் பெயர் இருப்பதால் விலை குறையும் என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டும் பொய்.

1914-18 பிரிட்டிஷ் போர் மெடல் சுமார் 65 லட்சம் பேருக்கு வழங்கப்பட்டது. அதில் ஏறக்குறைய 1,10,000 மட்டுமே வெண்கலம். துப்பாக்கி தூக்காமல் சுமை தூக்கவும் ரோடு போடவும் போன இந்திய, சீன, மால்டா தொழிலாளர் படையினருக்குத்தான் பெரும்பாலும் அது வந்தது. சேகரிப்பவர்கள் தேடி அலைவது அதைத்தான்.

அடையாளம் இதுதான்: விட்டம் 36 மி.மீ., முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, பின்பக்கம் ஆடையில்லாத குதிரை வீரன், காலடியில் கழுகுக் கேடயமும் மண்டை ஓடும், 1914, 1918 என்ற ஆண்டுகள். வெள்ளி மெடல் என்றால், கூடவே பெரும்பாலும் சிறகுள்ள பெண் உருவம் பொறித்த வெண்கல வெற்றி மெடலும் வந்திருக்கும். அதன் ரிப்பன் வானவில் நிறம். இரண்டிலும் ஒரே எண்ணும் பெயரும் இருந்தால் அவை ஜோடி. ஒன்றை மட்டும் கேட்டால் கொடுக்காதீர்கள், ஜோடி பிரிந்தால் விலை விழுந்துவிடும்.

மதிப்பு முழுக்க ஓரத்தில், அதாவது மெடலைச் சுற்றியுள்ள தடிமனான விளிம்பில்தான். எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் அங்கே ஆங்கிலத்தில் அச்சுக் குத்தியிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, சாய்வான வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்த பிறகே வெளியாள் கையில் கொடுங்கள். புளியோ சாம்பலோ போட்டுத் தேய்க்கவே வேண்டாம். எழுத்து மழுங்கும், பழைய பூச்சும் போய்விடும். கிழிந்த ரிப்பனையும் எறியாதீர்கள்.

வாங்குகிறவர்களும் ஏமாறுகிறார்கள். பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் குத்துவது ஒரு வகை. வெர்னியர் என்ற நுண் அளவுகோலில் நான்கைந்து திசையில் விட்டத்தை அளந்தால், அராவிய இடத்தில் குறையும். அசலை வைத்து அச்செடுத்து வார்ப்பது இன்னொரு வகை. வார்ப்பு ஆறும்போது சுருங்குவதால் 36 மி.மீ. வராது, மேற்பரப்பில் ஊசிக் குத்துப் போலக் குழிகள் இருக்கும், ஓரத்தில் இணைப்புக் கோடு தெரியும்.

மூன்றாவது, இரண்டாம் உலகப் போர் மெடலை வெள்ளி என்று விற்பது. இந்தியப் படையினருக்கு வந்த 1939-45 போர் மெடலும் இந்திய சேவை மெடலும் செம்பு-நிக்கல்தான். காந்தம் இதைப் பிரித்துக் காட்டாது, வெள்ளியிலும் ஒட்டாது, இதிலும் ஒட்டாது. ரிப்பனைக் கழற்றி, முதலில் மெடலை எடை போடுங்கள். பிறகு நகைக்கடைச் சின்னத் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, மெடலை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். 31 கிராம் மெடலுக்குத் தராசு 3.0 கிராம் காட்டினால் வெள்ளி, 3.5 காட்டினால் செம்பு-நிக்கல். நீர்க்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தப்பும், தட்டிவிட்டுப் பாருங்கள்.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டில், முதல் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனதாகவும் 14 பேர் உயிர் கொடுத்ததாகவும் பொறித்திருக்கிறார்கள். அது இந்த ஊரிலிருந்து மட்டும். ராணுவப்பேட்டை என்றே பேரெடுத்த கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களையும் சேர்த்தால் எத்தனை பெட்டிகளில் எத்தனை பெயர்கள் கிடக்கும்! அவற்றை உருக்குகிறவனிடம் கொடுப்பது மனதுக்கு ஆறவே இல்லை.

“லண்டன் ஏலத்துக்கு அனுப்புறேன், முன்பணம் கட்டுங்க” என்று யாராவது கேட்டால் ஒரு ரூபாயும் தராதீர்கள். நூறாண்டு தாண்டிய வரலாற்றுப் பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியாள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.