போர் தண்ணீரில் மீன்தொட்டிச் செடிகள்: பல வருட அனுபவம்

சென்னையில், அதுவும் மேடவாக்கம் மாதிரி போர் தண்ணீரை நம்பியிருக்கும் பகுதியில், மீன்தொட்டிக்குள் செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னுடையது மூன்றடி தொட்டி, ஏறக்குறைய 130 லிட்டர் பிடிக்கும். சாதாரண எல்.இ.டி. விளக்கு, ஸ்பான்ஜ் ஃபில்டர், அடியில் கழுவிய ஆற்றுமணல், கொஞ்சம் கப்பி மீன்கள், இவ்வளவுதான். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எல்லாம் கிடையாது. தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்புகளின் அளவு, 900க்கு மேல், பி.எச். (அமில-காரத்தன்மை அளவு) 8ஐ ஒட்டி நிற்கும். பல வருடங்களாக இதை ஓட்டியதில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது ஒன்று: தண்ணீரை மாற்ற மெனக்கெடுவதைவிட, இருக்கிற தண்ணீரில் சந்தோஷமாக வளரும் செடியைத் தேடி வைப்பதுதான் லாபம்.

முதல் இடம் நாடாபோல நீண்ட இலை உள்ள வாலிஸ்னேரியாவுக்கு. உப்பு அதிகமான, காரத்தன்மை உள்ள தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு ரொம்பக் குறைவு, கார்பன் பெரும்பாலும் பைகார்பனேட்டாகத்தான் இருக்கும். எல்லாச் செடியாலும் அதை எடுத்துக்கொள்ள முடியாது. வாலிஸ்னேரியாவாலும் நம் ஊர்க் குளங்களில் கிடக்கும் வேலம்பாசியாலும் முடியும். வேலம்பாசியின் இலையை விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று இருக்கும். பைகார்பனேட்டை உறிஞ்சும்போது இலைமேல் படிகிற சுண்ணாம்பும் அதற்கு ஒரு காரணம். நோய் என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள், செடி நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். வாலிஸ்னேரியா வேர் பிடிக்கச் சில வாரம் எடுக்கும், அதுவரை பழைய இலைகள் அழுகி விழும். அப்புறம் மணலுக்கடியில் கொடி ஓடவிட்டு, வரிசையாகக் குட்டி போட ஆரம்பித்தால் நீங்கள் பிடுங்கிக் கொடுக்க ஆள் தேட வேண்டியிருக்கும். ஒரு எச்சரிக்கை: பாசியை ஒழிக்கவென்று ‘லிக்விட் கார்பன்’ என்ற பெயரில் விற்கும் குளுட்டரால்டிஹைடு மருந்தை ஊற்றினால் வாலிஸ்னேரியா கூழாகிக் கரைந்துவிடும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

அடுத்தது கிரிப்டோகோரைன் வென்டி. இலங்கைக்கே உரிய செடி, அங்கே நிழலான ஓடைக்கரைகளில் வளர்வது, அதனால் விளக்கு வெளிச்சம் குறைவாக இருந்தாலும் கவலைப்படாது, நம் ஊர்ச் சூட்டையும் தாங்கும். வாங்கி நட்ட கொஞ்ச நாளில் இலைகள் எல்லாம் கண்ணாடிபோல மாறி வழுவழுவென்று கரையும். பலரும் அந்தக் கட்டத்தில்தான் செடி செத்தது என்று குப்பையில் போடுகிறார்கள். மனசு கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் அழுகின இலையை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு வேரை அசைக்காமல் விடுங்கள். தூரிலிருந்து சுருண்ட புது இலை வரும், அந்த இலை உங்கள் தண்ணீரிலேயே பிறந்தது என்பதால் நிலைக்கும். கடைக்கு வரும் செடிகளில் பல, பண்ணையில் தண்ணீருக்கு வெளியே ஈரக்காற்றில் வளர்த்தவை. நீர்ப்பிரம்மி, ரோட்டாலா எல்லாம் அப்படித்தான். முதல் இலை உதிர்வை வைத்து எந்தச் செடியையும் தீர்மானிக்கக் கூடாது.

ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டுக்கும் ஒரே விதி. அந்தத் தடித்த வேர்த்தண்டை மணலில் புதைக்கக் கூடாது, புதைத்தால் அழுகும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிட்டால் போதும்.

இனி பிரச்சினைகளுக்கு வருவோம். செடி வாடினால் முதலில் பார்க்க வேண்டியது புது இலையா, பழைய இலையா என்பதைத்தான். நுனியில் வரும் புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்புக் குறைவு, ஏனென்றால் இரும்பைப் பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கச் செடியால் முடியாது. நம் தண்ணீரில் இதுதான் அதிகம் வரும். மீன் கடைகளில் கிடைக்கும் திரவ உரங்கள் பலவற்றில் இருப்பது ஈ.டி.டி.ஏ. இரும்பு, அதாவது ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளோடு பிணைத்த இரும்பு. பி.எச். 7ஐத் தாண்டினால் அந்தப் பிணைப்பு விட்டுப்போய் இரும்பு செடிக்குக் கிடைக்காமல் படிந்துவிடும், எவ்வளவு ஊற்றினாலும் இலை வெளுப்பாகவே இருக்கும். உரக்கடையில் ஈ.டி.டி.ஹெச்.ஏ. இரும்பு என்று கேட்டு வாங்குங்கள், கருஞ்சிவப்பாக இருக்கும், பி.எச். 8லும் தாங்கும். 6 சதவீத இரும்பு உள்ளதில் கால் கிராமுக்கும் குறைவாகப் போட்டாலே 130 லிட்டருக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் கணக்கு வந்துவிடும். தண்ணீர் லேசாகச் சிவக்கும், மீனுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. ஏற்கெனவே வெளுத்த இலைகள் பழையபடி பச்சையாகாது, அடுத்து வரும் இலையைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய இலையில் ஊசியால் குத்தினது மாதிரி ஓட்டை, ஓட்டையைச் சுற்றி மஞ்சள் விளிம்பு என்றால் பொட்டாசியம் போதவில்லை. ஜாவா ஃபெர்னிலும் ஹைக்ரோஃபிலாவிலும் நன்றாகத் தெரியும். நத்தை தின்கிறது என்று நத்தையைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள், பாவம் அது மேல் தப்பில்லை. தண்ணீரில் கரையும் பொட்டாசியம் சல்ஃபேட், 0-0-50 என்று பையில் போட்டிருக்கும், 3 கிராம் போட்டால் என் தொட்டியில் லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் பொட்டாசியம் ஏறும். பழைய இலை மொத்தமாக மஞ்சளாகி உதிர்ந்தால் நைட்ரஜன் குறைவு, அதாவது செடி நிறைய, மீன் குறைவு.

பாசி விஷயத்தில் மருந்தைவிட விளக்கு நேரம்தான் முக்கியம். டைமர் போட்டு 6 முதல் 7 மணி நேரத்தில் நிறுத்துங்கள். சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு 10 மணி நேர வெளிச்சம் பாசிக்குத்தான் சாப்பாடு. அனுபியாஸ் இலை ஓரத்தில் கருப்புத் தாடி மாதிரி தொங்குவது உண்மையில் சிவப்புப் பாசி வகை, லேசில் போகாது, அந்த இலையை வெட்டி எறிவதே சுலபம். அதைத் தின்னும் மீன் சயாமீஸ் ஆல்கே ஈட்டர். கொளத்தூர் கடைகளில் ஆல்கே ஈட்டர் என்று கேட்டால் வேறு மீனும் அதே பெயரில் கிடைக்கும். உடம்பின் கருப்புக் கோடு வால் துடுப்பின் நுனிவரை போகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மே மாதம் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும். மூடியை எடுத்துவிட்டு, நீர்மட்டத்தின் மேல் ஒரு சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவை நிரப்ப மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழைகளில் மாடி கழுவிப் போனபிறகு பிடித்தால் டி.டி.எஸ். ரொம்பக் குறைவாக இருக்கும். வாரம் ஒருமுறை கால்வாசி மாற்றுவதற்குப் போர் தண்ணீரே போதும்.

தரையோடு படரும் புல் வகைகளை மட்டும் இந்த அமைப்புக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதற்குச் சிலிண்டர், பலமான விளக்கு, மென்மையான தண்ணீர் மூன்றும் வேண்டும், அது வேறு பட்ஜெட். புதிதாக ஆரம்பிப்பவர் வாலிஸ்னேரியா பத்துத் தூர், வென்டி நாலைந்து, கட்டையில் ஒரு அனுபியாஸ் என்று வாங்கினால் போதும், முதல் மாதம் உரம் எதுவும் போட வேண்டாம்.