வெனிலா சாறு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: சான்றிதழைப் பார்த்து ஏமாந்தேன்

சின்னதாக ஒரு ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கிறேன். "நூறு சதவீதம் இயற்கை, லேப் சான்றிதழோடு தருகிறேன்" என்று ஒரு வியாபாரி மூன்று கேன் வெனிலா சாறு விற்றார். சாதாரண எசென்ஸைவிடப் பல மடங்கு விலை. அடியில் கறுப்புக் கறுப்பாகப் பொடி வேறு கிடந்தது. விதைதான் என்று நம்பி, கடைப் பலகையில் 'அசல் வெனிலா' என்று எழுதியும் வைத்துவிட்டேன்.

சான்றிதழில் கார்பன் ஐசோடோப் அளவு −19 என்று இருந்தது. கனமான கார்பன்-13 ஒரு பொது அளவுகோலைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு குறைவு என்று காட்டும் எண் அது; மைனஸ் கூடக்கூட கார்பன்-13 குறைவு. தேடிப் படித்தேன். வெனிலா கொடியும் கற்றாழை, அன்னாசி மாதிரி ராத்திரியில் கரியமில வாயுவை இழுக்கும் செடி. அதனால் கனமான கார்பன்-13 அதில் கொஞ்சம் கூடுதலாகத் தங்குமாம். வெனிலாவுக்கு வாசனை தரும் முக்கியப் பொருள் வெனிலின். இயற்கை வெனிலினுக்குச் சுமார் −17 முதல் −22 வரை வரும். மரக்கூழிலோ பெட்ரோலியத்திலோ செய்தது பெரும்பாலும் −25க்கும் கீழே போய்விடும். சரி, நல்ல சரக்குதான் என்று நிம்மதியாக இருந்தேன்.

உணவு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் சித்தப்பா மகள் தாளை வாங்கிப் பார்த்தாள். "அண்ணா, இதுல எதை அளந்திருக்காங்க?"

அளந்தது கேனில் இருந்த மொத்தத் திரவத்தையும். வெனிலினைத் தனியாகப் பிரிக்கவே இல்லை. திரவத்தில் பெரும்பங்கு சர்க்கரைப் பாகு. கரும்புச் சர்க்கரை −11, −12 பக்கம் இருக்கும். பெட்ரோலியத்தில் செய்த கரைப்பானோடு அது கலந்தால் எண் நடுவில் எங்கேயோ வந்து நிற்கும். என் −19 அப்படி வந்ததுதான்.

வேறு லேபில் வெனிலினை மட்டும் பிரித்து அளக்கச் சொன்னேன். −31. கூடவே எத்தில் வெனிலின் என்ற செயற்கை வாசனைப் பொருளும் இருந்தது. அது எந்த வெனிலா காயிலும் கிடையாது. கறுப்புப் பொடி, சாறெடுத்த சக்கையாக இருக்கும் என்றாள் தங்கை.

ஆகவே ஐசோடோப் சான்றிதழ் காட்டினால், வெனிலினைப் பிரித்து அளந்தார்களா என்று முதலில் கேளுங்கள். அதற்கும் முன்னால் எத்தில் வெனிலின் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், செலவு குறைவு. கெட்டிக்காரர்கள் கார்பன்-13 ஏற்றிய வெனிலினைத் துளி கலந்து அந்த ஐசோடோப் அளவையே சரிக்கட்டுவதும் உண்டு. அதைப் பிடிக்க, மூலக்கூறின் எந்த இடத்தில் எவ்வளவு கார்பன்-13 இருக்கிறது என்று பார்க்கும் என்.எம்.ஆர். சோதனை வேண்டும். என்னை ஏமாற்றியவருக்கு அந்தச் சிரமம்கூடத் தேவைப்படவில்லை.

போன் செய்தேன். "பில்லில் வெனிலா ஃப்ளேவர் என்றுதானே போட்டிருக்கிறேன்" என்றார். எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது.

பலகையில் 'அசல்' என்பதை அழித்துவிட்டேன். மீதி இரண்டு கேன் மூலையில் கிடக்கிறது. மூடியைத் திறந்தால் வாசனை மட்டும் தெருமுனை வரைக்கும் போகிறது.