மல்லாந்த நிலையா, நிமிர்த்திய நிலையா?

மார்பக அறுவை சிகிச்சையில் இதயத்துக்கு எளிதான நிலை மல்லாந்து படுப்பதுதான். கால்களிலிருந்து ரத்தம் சிரமமின்றித் திரும்பும்; ரத்த அழுத்தம் பெரிதாக ஆடாது. கைகளை மட்டும் 90 டிகிரிக்கு மேல் விரிக்கக் கூடாது, தோள் நரம்புகள் இழுபடும்.

ஆனால் படுத்தால் மார்பகம் பக்கவாட்டில் சரிந்துவிடும். சீரமைப்பிலும் அளவுக் குறைப்பிலும் இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பார்க்க, மயக்கத்தில் இருப்பவரை மேசையோடு நிமிர்த்துகிறார்கள். சிக்கல் இங்கேதான். விழித்திருப்பவர் எழுந்தால் ரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி ஈடுகட்டும். மயக்க மருந்து அந்த எதிர்வினையை மழுங்கடிக்கிறது. ரத்தம் கால்களில் தேங்கி, அழுத்தம் சரியும். இன்னொன்றும் உண்டு, எளிதில் மறந்துபோவது: இதய மட்டத்தில், கையில் கட்டிய ரத்த அழுத்தப் பட்டை காட்டும் அளவு மூளைக்குப் பொருந்தாது. தலை 20 செ.மீ. உயர்ந்திருந்தால் அங்கே சுமார் 15 மி.மீ. பாதரசம் குறைவாகவே இருக்கும்.

சரி, நிமிர்த்தவே வேண்டாமா? வடிவம் முக்கியமென்றால் வேண்டும்தான். மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, படிப்படியாக உயர்த்தி, பார்த்த கையோடு இறக்கிவிட வேண்டும். சிறு கட்டியை மட்டும் அகற்றுவதென்றால் மல்லாந்த நிலையே பெரும்பாலும் போதும்.